கரவெட்டிக் கல்லின் வாய்

மருதனார்மடம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவள், கத்தரிக்காயை மறந்து, பக்கத்து வளவில் மதில் கட்டுவதற்குக் கொட்டிக் கிடந்த கல்லுக் குவியலுக்குள் குந்தியிருந்தால், கூடப் போன புருஷனுக்குக் கோபம் வருமா வராதா? வரும். இவருக்கும் வந்தது. மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே கத்தினார்.

"இஞ்சேரும், சனம் பாக்குது. எழும்பி வாரும்."

"பாக்கட்டும். நான் என்ன களவே எடுக்கிறன்?"

"களவெடுத்தாலும் பறவாயில்லை, அதுக்கொரு காரணம் இருக்கும். உது விசர் வேலை."

என் கையில் இருந்தது ஒரு சிரட்டை அளவு கல். சீலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தேன். மேலே ஐந்து இதழ் தெரிந்தது. ஆவலோடு திருப்பினேன். அடிப்பக்கம் இல்லை. உடைந்து, வெறும் கரடுமுரடான கல். "சீ!" என்று நான் சொன்னது சந்தை வாசலில் கீரை விற்றவளுக்கும் கேட்டிருக்கும். அன்று வீட்டில் கத்தரிக்காய்க் கறி இல்லை. பருப்பும் சம்பலும்தான்.

நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் உயிரியல் படிப்பிக்கிறேன். எனக்கு இந்தக் கல்லுப் பைத்தியம் பிடித்தது எங்கள் வீட்டுக் கிணறு வெட்டிய போது. குடாநாட்டில் எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் கல்லுத் தட்டும். அந்தக் கல் முழுவதும் ஒரு காலத்தில் கடலின் அடியில் படிந்தது. கோடி வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கிணறு வெட்டுகிறவர்கள் அந்தக் கடலடியைத்தான் உடைத்து மேலே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நாங்கள் அதை மதிலாகக் கட்டி, மேலே போத்தல் ஓடு பதித்து, பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைச் சண்டை பிடிக்கிறோம்.

அந்தக் கல்லுக்குள் கடல் முள்ளெலி இருக்கும். முள்ளெலியைக் கரையோரத்தில் கண்டிருப்பீர்கள். கல்லிடுக்கில் கறுப்பு முள்ளுப் பந்தாக இருக்கும். மிதித்தவர்கள் நொண்டிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். இப்போது கடலில் பண்ணை போட்டு வளர்க்கிறார்களே கடலட்டை, அதுவும் இதன் சொந்தக்காரன்தான். கல்லுக்குள் கிடப்பவை அந்தக் குடும்பத்தில் அடியோடு அழிந்துபோன இனங்கள். முள் எல்லாம் உதிர்ந்து ஓடு மட்டும் மிஞ்சியிருக்கும். ஓடு என்றாலும் ஒரே துண்டு அல்ல. சின்னச் சின்னத் தகடுகளை அடுக்கிப் பொருத்திய ஓடு. எவ்வளவு வடிவான பொருத்தம் என்று கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சாதியை வகை பிரிக்கிறவர்களுக்கு முதுகு பெரிய விஷயம் இல்லை. ஐந்து இதழ்ப் பூ பல வகைக்கும் முதுகில் உண்டு. ஆளைக் காட்டிக்கொடுப்பது வாய். அது அடியில், நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். வாயைச் சுற்றியுள்ள தகடுகள் உதடு போலத் தடித்திருக்கின்றனவா, குழியாக உள்ளே இறங்குகின்றனவா, தாடை பொருந்துவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இது இன்ன குடும்பம் என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சிரட்டைப் பருமனில் கிடைப்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்றுக்கு வாய் ஆழமான குழிக்குள் இருக்கும், உள்ளே தாடையும் பல்லும் இருக்கும், அரைத்துத் தின்னும். மற்றதுக்குத் தாடை இல்லை, பல் இல்லை. மணலோடு சேர்த்து அள்ளி விழுங்கி, அதில் ஒட்டியிருக்கிற சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதன் வாயைச் சுற்றி ஐந்து தடித்த உதடுகள் இருக்கும். உதட்டுக்கு உதடு நடுவே, நுண்ணிய துளைகள் இலை வடிவில் விரிந்திருக்கும். படத்தில் பார்த்தால் வாய்க்கு ஒரு குட்டிப் பூ வைத்த மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த சிநேகிதி. இப்போது வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இதே வேலையாக இருக்கிறாள். நான் கண்ட கல்லையெல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. குரல் பதிவு வந்தது.

"எடியே, முதுகை முதுகை அனுப்பி என்ரை போனை நிரப்பாதை. ஒருத்தற்றை பிடரியைப் பாத்து ஆள் ஆரெண்டு சொல்லேலுமே? வாயைக் காட்டு. வடிவான ஒரு வாய் கிடைச்சால் காணும், உன்ரை மிச்சக் கல்லுகளையும் அதோடை வைச்சுப் பாத்துப் பிரிக்கலாம்."

வாய்க்கு நான் எங்கே போவேன்! கல் உடைக்கிறவன் சுத்தியலால் போட்டால் கூம்பிய முதுகு கழன்று வரும். தட்டையான அடிப்பக்கம் பாறையோடு ஒட்டியபடி நின்றுவிடும். என் வீட்டு அலுமாரியில் இழுக்கிற லாச்சி முழுக்க முதுகுத் தொப்பிகள்தான். ஒரு வாய்கூட இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்துக் கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டை இவற்றுக்கென்று வாங்கி வைத்திருந்தேன். பெயர் அட்டையில் 'கடல் முள்ளெலி. அழிந்த இனம். வகை:' என்பது வரை எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. நான் அறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு புள்ளியும் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

முழுதாக ஒரு கல் இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கரவெட்டியில், இவருடைய அக்காவின் சாமி அறையில் இருந்தது.

மச்சாளைப் பற்றி, அதுதான் இந்த அக்காவைப் பற்றி, முதலில் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர் அவர். தான் கலியாணம் கட்டவில்லை. வெங்காயமும் மிளகாயும் ஆடுகளுமாக அந்த வளவைத் தனி ஆளாக ஆண்டுகொண்டிருக்கிறார். அவர்கள் சைவம். நாங்கள் கிறிஸ்தவம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சேர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுத்தவள். இவர் என்னைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது மச்சாள், "வேதக்காரப் பெட்டையோ?" என்று மட்டும் கேட்டாராம். அந்த ஒரு கேள்வி என் கலியாணத்தோடு கூடவே வந்தது.

குறை சொல்லக்கூடாது. போனால் தேத்தண்ணி வரும், இருக்கக் கதிரை வரும், வரும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் வரும். ஆனால் சாமி அறைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. வராதே என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நிற்பேன். பூசை முடிந்து, பொங்கிய புக்கையை இவருடைய கையில் கொடுத்து, "அவவுக்கும் குடும்" என்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். கை நீட்டினால் எட்டும் தூரம்!

வாசலில் நின்றுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன். நான் கலியாணம் கட்டி வந்த வருஷம் அங்கே கிணற்றை ஆழமாக்கினார்கள். ஊற்றுக்கண் திறந்த இடத்தில் மெத்தென்ற சுண்ணாம்பு மண்ணுக்குள் இருந்து இது முழுசாக உருண்டு வந்ததாம். முதுகில் ஐந்து இதழ்ப் பூ. அந்த வருஷத்தோடு கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டது. மச்சாளுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வைரவர் என்று சொல்லிவிட்டார். முதலில் கிணற்றடியில் இருந்தவரை, காகம் தொல்லை கொடுக்கிறதென்று உள்ளே கொண்டுவந்து வெண்கலத் தட்டில் இருத்தினார். பூப் பக்கம் மேலே. பூவை ஆராவது கவிழ்த்து வைப்பார்களா? வெள்ளிக்கு வெள்ளி உழுந்து வடை. வைரவருக்கு வடை என்றால் உயிர் அல்லவா?

கண்ணுக்கு முன்னால் முழுக் கல். அதன் அடியில் வாய். அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு நிலைப்படி.

முதலில் இவரைத்தான் பிடித்தேன். "நீங்கள் ஒருக்கால் அக்காவைக் கேளுங்கோவன்."

"அம்மாளாச்சி! என்னை விட்டிடும். கதைக்கிறதெண்டால் நீரே கதையும். எனக்குச் சோலி வேண்டாம்."

சரி என்று நானே கேட்டேன். பக்குவமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். "மச்சாள், அந்தக் கல்லின்ரை அடிப்பக்கத்தை ஒருக்கால் திருப்பிப் பாக்கலாமே? ஒரு படம் எடுத்தால் காணும்."

மச்சாள் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டு கையிலேயே நின்றது.

"உதென்ன கண்டறியாத கதை? ஆரும் சாமியைக் கவிட்டுப் பாப்பினமே? உங்கடை சேர்ச்சிலை குருசைக் கழட்டிப் பின்பக்கம் பாத்திருக்கிறீரோ நீர்?"

கேள்வி நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. "அது வேறை, இது வேறை மச்சாள். இது கடலிலை இருந்த ஒரு உயிர்."

"உயிரெண்டால் இன்னும் நல்லது. இஞ்சை பாரும் பிள்ளை, பின் வளவுக்காரற்றை கிணறு போன வருஷத்தோடை உவராப் போச்சுது. வாழையெல்லாம் கருகிப்போச்சு. எங்கடை கிணறு மட்டும் இளநி மாதிரிக் கிடக்கு. அவரைக் கவிட்டு, தண்ணி மாறிச்சுதெண்டால் நான் என்ன செய்யிறது? நீர் படத்தை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போயிடுவீர். இந்த வெங்காயத்துக்கு ஆர் தண்ணி விடுறது?"

உவர் எப்படி வருகிறது, நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு மணித்தியாலம் பாடம் எடுக்க என்னால் முடியும். ஆனால் அவர் பயந்தது உண்மையான பயம். அந்தக் கிணறு போனால் அவருக்கு அந்த வளவு இல்லை. அதைத் தெரிந்துகொண்டும் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் கரவெட்டிக்குப் போகவில்லை. இவர் மட்டும் போய் முருங்கைக்காயோடு வருவார். முருங்கைக்காயில் எனக்குக் கோபம் இல்லை, காய்ச்சினேன்.

பள்ளிக்கூட விடுமுறையில், ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல் இவரோடு போனேன். மச்சாளுக்கு முழங்கால் வீக்கம் என்று கேள்வி. நான் போனபோது நொண்டி நொண்டிக் குசினிக்குள் வடைக்கு உழுந்து அரைத்து முடித்திருந்தார். என்னைக் கண்டதும், "வாரும்" என்றார். நான் சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். உரித்தால் கண்ணீர் வரும், கதைக்க வேண்டியதில்லை.

எண்ணெய் கொதிக்கத் தொடங்கியபோது அவராகவே கேட்டார்.

"மெய்யே பிள்ளை, அந்தக் கல்லிலை உமக்கு அப்பிடி என்னதான் வேணும்? அடிப்பக்கத்திலை என்ன கிடக்கு?"

"வாய், மச்சாள்."

"என்ன வாய்?"

"அதின்ரை வாய். சாப்பிடுற வாய்."

சும்மா சொன்னால் விளங்காது. அரைத்த உழுந்தில் ஒரு கை எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, மேலே கூம்பாக்கினேன். நகத்தால் ஐந்து இதழ் கீறினேன். "இது முதுகு. நீங்கள் பாக்கிற பூ இதுதான்." பிறகு இலையோடு கவிழ்த்து, இலையை உரித்து எடுத்து, தட்டையான அடியில் நடுவில் விரலை அழுத்தினேன். "இது வாய். கடலுக்குள்ளை வாயை நிலத்திலை வைச்சபடிதான் ஊர்ந்து திரிஞ்சிருக்கும். கீழை கிடக்கிறதை அப்பிடியே எடுத்துத் தின்னும். இந்த வாயைச் சுத்தி எப்பிடிக் கிடக்கெண்டு பாத்தால்தான் இது ஆர், எந்தக் குடும்பம் எண்டு சொல்லலாம். நான் முதல்லையே இதைச் சொல்லியிருக்கோணும்."

மச்சாள் அந்த உழுந்து உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் புகையத் தொடங்கியது. எழுந்து அடுப்பை நிறுத்தினேன்.

"அப்ப வாய் கீழையோ?"

"ஓம் மச்சாள்."

"தட்டோடை ஒட்டிக்கொண்டோ கிடக்கு?"

"ஓம்."

"அப்ப நான் இவ்வளவு காலமும் வெள்ளிக்கு வெள்ளி வடை சுட்டு முன்னுக்கு வைச்சு, மேலை பூவும் வைச்சு..." அவர் நிறுத்தினார். "முதுகுக்கே பிள்ளை படைச்சனான்?"

சிரிப்பு வந்தது எனக்கு. கர்த்தரே, அப்படி ஒரு சிரிப்பு! பல்லைக் கடித்து அடக்கினேன். ஏனென்றால் மச்சாள் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால், வீட்டுக்கு வந்த ஒருவரை இத்தனை காலமும் பட்டினி போட்டுவிட்டோமே என்கிற முகம். வந்தவர் ஆரென்று பாராமல் சோறு போடுகிற மனுசி அவர். என் சிரிப்பு தானாக அடங்கியது.

"தோய்ஞ்சு போட்டு வாறன், நில்லும்" என்று கிணற்றடிக்குப் போனார். காலையிலும் தோய்ந்தவர்தான். ஈரத் தலையோடு வந்து நேராக அறைக்குள் போனார். நான் வழக்கம் போல வாசலில் நின்றேன்.

"வாரும்" என்றார் உள்ளே இருந்து.

எனக்குத்தான் சொன்னாரா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

"வாருமெண்டுறன். நான் தனியப் பிடிச்சால் விழுந்துபோம். கால் ஏலாது."

செருப்பு வெளியில்தான் இருந்தது. ஆனாலும் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். உள்ளே போனேன். கற்பூர மணம். சுவரில் பிள்ளையார், முருகன், அம்மன், பக்கத்தில் இவருடைய தாய் தகப்பனின் படம். வாசலில் நின்றால் அந்தப் படம் தெரியாது. என் மாமியாரின் முகத்தை நான் அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். இவருடைய மூக்கு.

மச்சாள் கண்ணை மூடி ஏதோ சொன்னார். பிறகு கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். நான் கீழே கையை ஏந்திக்கொண்டேன். அவரே திருப்பினார்.

அடிப்பக்கம் முழுசாக இருந்தது. ஆனால் நடுவில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கல்லாய்க் காய்ந்த வெள்ளை மண். அதன் மேல் காலம் காலமாக வழிந்த சந்தனம்.

"வாய் நிறைய மண்" என்றார் மச்சாள். "எடும் பிள்ளை. எடுத்துத் துப்புரவாக்கும்."

"வெளியிலை கொண்டுபோய்..."

"ஏன் வெளியிலை? இஞ்சை இருந்து செய்யும்."

அறை நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். என் கைப்பையில் ஊசி இருந்தது. பிரஷ் வேண்டும். வீட்டில் பழைய பற்தூரிகை இருக்கிறதா என்று கேட்டேன். மச்சாளுக்கு வந்ததே கோபம்! "எச்சில் பிரசோ வைரவற்றை வாய்க்கு?" என்று கேட்டு, வெளியே விறாந்தையில் கிடந்த இவரை எழுப்பிச் சந்திக் கடைக்குக் கலைத்தார். இவர் கொண்டுவந்தது சின்னப் பிள்ளைகளுக்கான பிரஷ், கைபிடியில் முயல் படம். "தும்பு மெல்லிசா வேணுமெண்டியள், அதுதான்" என்றார். பிறகுதான் கண்டார் நான் இருந்த இடத்தை. தமக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி விறாந்தைக்கே போய்விட்டார்.

நான் தண்ணீர் தொட்டு மண்ணை இளக்கத் தொடங்க, மச்சாள் குசினிக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். உள்ளே பழப்புளிக் கரைசல்.

"ஐயோ! வேண்டாம் வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் அவர் கிண்ணத்தைக் கொஞ்சம் சிந்திவிட்டார்.

"ஏன்? கெதியா விடும். வெள்ளிக்கு வெள்ளி குத்துவிளக்கு மினுக்கேக்கை இவருக்கும் புளி போட்டுத்தானே மினுக்கிறனான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதுகு இதழ்கள் ஏன் அப்படி மழுங்கிக் கிடந்தன என்று. புளிப்பு, சுண்ணாம்பைத் தின்னும். கோடி வருஷம் கடலும் மண்ணும் அழிக்காத பூவை மச்சாளின் பழப்புளி பாதி அழித்துவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன். புளி கல்லைக் கரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

மச்சாள் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். "அப்ப நான் பட்டினியும் போட்டு, தேய்ச்சும் கரைச்சுப் போட்டனோ?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. உண்மை என்றால் அதைப் போட்டு உடைக்கத்தான் வேண்டுமா? யோசித்தபோது அதற்குள்ளேயே இன்னொரு உண்மையும் இருந்தது.

"மேலை மட்டும்தான் மச்சாள். கீழை நீங்கள் ஒருநாளும் திருப்பேல்லை, வழிஞ்ச புளியும் அந்த மண்ணைத் தாண்டேல்லை. என்னட்டை இருந்திருந்தால் வந்த அண்டைக்கே திருப்பிச் சுரண்டிப் பழுதாக்கியிருப்பன். எனக்கு அப்ப ஒண்டும் தெரியாது. வாய் தப்பினது உங்களாலைதான்."

அவர் எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே இருந்து, நான் ஊதிவிடும் தூளைச் சீலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

மண் இளகி இளகி வந்தது. முதலில் ஓர் உதடு. மெல்லிய புடைப்பு, சின்ன உழுந்துப் பருப்பு அளவு. அதற்குப் பக்கத்தில் இலை போல விரிந்த துளை வரிசை, ஊசி முனையை வைத்தால் ஒவ்வொரு துளையும் தட்டுப்படும். பிறகு அடுத்த உதடு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். மத்தியானச் சாப்பாடு மறந்து போயிற்று. ஐந்தாவது உதடும் வெளிவந்தபோது, நடுவில் கோணம் கோணமான சின்ன வாய், அதைச் சுற்றிப் பூ. ஆழக் குழி இல்லை. தாடை இருந்த அடையாளமும் இல்லை. நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த வாய் என் மடியில் இருந்தது.

"இஞ்சையும் பூவல்லோ கிடக்கு!" என்றார் மச்சாள்.

படம் எடுத்து அனுப்பினேன். சிநேகிதியின் பதில் உடனே வந்தது. குரல் பதிவில் முதல் பாதி வெறும் கூச்சல். அடுத்த பாதியில், "தாடை இல்லாத கூட்டம்தான், சந்தேகமே இல்லை. இந்த வாயை இவ்வளவு துப்புரவா எனக்கு இஞ்சை லாச்சிக்குள்ளையும் காணக் கிடைக்கேல்லையடி" என்றாள். மச்சாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, தாடை இல்லையாமோ?"

"இல்லை மச்சாள்."

"பல்லு?"

"பல்லும் இல்லை. அள்ளி விழுங்கிற சாதி."

மச்சாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பல்லில்லாத மனுசனுக்கோ நான் மொறுமொறுவெண்டு வடை சுட்டனான்!"

இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். விறாந்தையில் இருந்து இவர், "அங்கை என்ன நடக்குது?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

கல்லைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, பொழுது படுமுன் கிணற்றடிக்குப் போனேன். ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். நான் படித்தவள். கல்லுக்கும் தண்ணீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதி ஒப்பம் வைத்துத் தருவேன். இருந்தாலும் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் இனித்தது. திரும்பினால் வாழைக்குப் பக்கத்தில் மச்சாள் நின்றார்.

"எப்பிடி?"

"நல்லாய்க் கிடக்கு மச்சாள்."

"நானும் இப்பதான் குடிச்சுப் பாத்தனான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடாமலே இவரோடு போனேன். குசினியில் வடைச் சட்டி இல்லை. அதே உழுந்தை வறுத்து மாவாக்கி, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டு, நல்லெண்ணெய் பிரள உழுத்தங்களி கிண்டியிருந்தார். கல்லை வாய் மேலே பார்க்க வைத்து ஊட்டப்போகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. "கடலுக்கை எப்பிடி இருந்தவரோ அப்பிடியே இருக்கட்டும், நீர்தானே சொன்னீர்" என்றார். வாழையிலையில் களியைத் தட்டையாகப் பரப்பி, அதன் மேல் வைரவரை மெதுவாக இருத்தினார். பூ மேலே, வாய் கீழே, வாய்க்கு நேரே களி.

துப்புரவாக்கின வாய்க்குள் களியா என்று என் உயிர் துடித்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

மச்சாள் கண்ணை மூடிக் கன நேரம் நின்றார். அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. பிறகு கல்லைத் தூக்கினார். களியில் அந்த வாய் அப்படியே பதிந்திருந்தது. ஐந்து உதடும் ஐந்து குழியாக, நடுவில் ஒரு சின்ன மேடு. கோடி வருஷத்துக்குப் பிறகு அந்த வாய் தொட்ட முதல் சாப்பாடு. மச்சாள் அந்தத் துண்டை மட்டும் கரண்டியால் வெட்டி எடுத்தார். இவர் வழக்கம் போலக் கையை நீட்டினார்.

"உமக்குப் பேந்து தாறன்" என்று சொல்லிவிட்டு, மச்சாள் அதை என் கையில் வைத்தார்.

பூப் பதிந்த அந்தக் களியை எப்படிச் சாப்பிடுவது, சாப்பிட்டால் போய்விடுமே என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன, படம் எடுக்கப்போறீரோ? சாப்பிடும், ஆறப்போகுது" என்றார். சாப்பிட்டேன். கண் கலங்கியது. பனங்கட்டி கொஞ்சம் கூட.

முயல் படம் போட்ட பிரஷ் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் நின்றது. அதை எடுத்து என்னிடம் தந்தார் மச்சாள்.

"அவற்றை வாயை வடிவாக் கழுவிப்போட்டுத் தட்டிலை இருத்தும். எனக்கு உது பழக்கமில்லை. வெள்ளிக்கு வெள்ளி வந்தீரெண்டால் நல்லது."

சொல்லிவிட்டு, என்னை அந்த அறைக்குள் தனியே விட்டுவிட்டு, ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார்.